ஆடிச்சுற்று வலி

குளியலறைப் படியில் சுகிர்தா வழுக்கி விழுந்ததும், வீங்கிப் போன முழங்காலை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டர் ஜெபசிங் அந்தப் படத்தை வெளிச்சத்தில் பிடித்தபடி வெகுநேரம் பேசாமல் நின்றதும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். "திருநெல்வேலி போயி எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்துட்டு வாங்க. வரும்போது அப்பாவையும் கூட்டிட்டு வாங்க" என்று அவள் தாய் கோமதியிடம் சொல்லி அனுப்பியிருந்தார்.

ஸ்கேன் எடுத்தாகிவிட்டது. அந்த "அப்பாவையும்" என்ற வார்த்தைதான் கோமதியின் தொண்டையில் மீன்முள்ளாய் நின்றது. முழங்காலில் அடிபட்ட பிள்ளைக்கு மருந்து எழுதித் தர அப்பா எதற்கு?

அன்று காலை கோமதியின் கணவர் முத்துக்கிருஷ்ணன் தறிக்குப் போகவில்லை. குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, கல்யாண வீட்டுக்குக் கிளம்புகிறவர் மாதிரி வாசலில் வந்து நின்றார். பயம் வந்துவிட்டால் மனிதருக்குச் சலவை வேட்டி வேண்டும். கோமதிக்கு அது தெரியும். தெரிந்ததால் அவளுக்கும் பயம் கூடியது.

தறிக் கொட்டகை அண்ணன் தம்பி இருவருக்கும் பொது. அண்ணன் சுந்தரராஜ் சத்தத்துக்கு நடுவிலிருந்து துண்டை உதறிக்கொண்டு வெளியே வந்தார்.

"நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க. தறிய நான் பாத்துக்கிடுதேன். ஏலே முத்து, ஒண்ணு மட்டும் கேட்டுக்கோ. ஊசி போடணும், சதை எடுக்கணும்னு டாக்டர் எதாச்சும் சொன்னா, எங்கிட்ட கேக்காம தலைய ஆட்டிராத."

"சரிண்ணே" என்றார் முத்துக்கிருஷ்ணன்.

அவர் வேறு என்ன சொல்லுவார்? அப்பா இறந்தபோது அவருக்கு மீசைகூட முளைக்கவில்லை. படிக்க வைத்து, தொழில் பழக்கி, கோமதியைப் பெண் பார்த்துக் கட்டி வைத்தது வரை எல்லாம் அண்ணன்தான். அதனால் அந்த வீட்டில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. சுகிர்தா பிளஸ் ஒன்னில் என்ன குரூப் எடுப்பது என்பதைக்கூடப் பெரியப்பாதான் சொன்னார்.

கெட்ட மனிதர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். தனக்குப் பெண் குழந்தை இல்லாத குறையைத் தம்பி மகளிடம் தீர்த்துக்கொண்டவர். ஆடித்தபசுத் திருவிழா அன்று அந்தக் கூட்டத்தில் அவளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு, சப்பரத்தைப் பார்த்துக் காணிக்கைப் பருத்தியை வீசச் சொல்லிக் கொடுத்தவர். பாசம் நிறைய உள்ளவர்தான். ஆனால் அந்தப் பாசத்துக்கு அடுத்தவர் பேச்சைக் கேட்கிற பழக்கம் இல்லை.

சுகிர்தா கைத்தடி இல்லாமல்தான் நடந்தாள். வலது காலைத் தரையில் முழுக்க ஊன்றாமல், சுவரைத் தொட்டுத் தொட்டு வந்து ஆட்டோவில் ஏறினாள். கோமதி கை கொடுத்தாள். பிள்ளை அதைப் பிடிக்கவில்லை.

டாக்டர் ஜெபசிங்கின் ஆஸ்பத்திரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால். நாசரேத்துக்காரர், நாற்பது வயது இருக்கும். அன்றைக்கு வெளியே உட்கார்ந்திருந்த கூட்டத்தைத் தாண்டி இவர்களை முதலில் கூப்பிட்டார். கோமதிக்கு அதுவும் பிடிக்கவில்லை. முன்னுரிமை கிடைக்கிற இடமா அது!

"பிள்ளை வெளிய உக்காந்திருக்கட்டுமே சார்" என்றார் முத்துக்கிருஷ்ணன்.

"வேண்டாம். கால் அவளோடது. அவளும் கேக்கட்டும்."

டாக்டர் ஸ்கேனைப் பற்றி உடனே பேசவில்லை. முதலிலிருந்து ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"வலி மொத மொதல்ல எப்ப வந்தது?"

"ஆடித்தபசு கழிஞ்சு சார்" என்று கோமதி முந்திக்கொண்டாள். "இந்த வருசம் ஆடிச்சுத்து சுத்துனா. அந்த வலிதான் போகாம நின்னுட்டு."

சங்கரன்கோவில்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. தபசுத் திருவிழாவுக்குக் கொடி ஏறிவிட்டால் ஊர்ப் பெண்கள் கோவிலைச் சுற்ற ஆரம்பித்துவிடுவார்கள். ஒன்றிரண்டு சுற்று அல்ல, நூற்றுக்கும் மேலே போகும். ஒற்றைக் காலில் தவம் நின்ற அம்பாள் கோமதியம்மாள், தன்னைச் சுற்றுகிறவர்களின் கால்வலியைத் தானே வாங்கிக்கொள்வாள் என்பது இந்த ஊரின் நம்பிக்கை. அதனால் ஆடி மாதத்தில் யாராவது நொண்டினால் ஊர் பதறாது. "சுத்துன காலா?" என்று கேட்டுச் சிரித்துவிட்டுப் போகும். சுகிர்தாவின் நொண்டலையும் வீடு அப்படித்தான் பார்த்தது. ஆவணியிலும் வலி போகாதபோது, சுளுக்கு என்று சொல்லிப் பெரியப்பா ஒருவரைக் கூட்டி வந்து, முட்டை வெள்ளைக்கருவும் உளுந்தமாவும் குழைத்துக் கட்டுப் போட வைத்தார்.

டாக்டர் கோமதியை விட்டுவிட்டுச் சுகிர்தாவைப் பார்த்தார். "நீ சொல்லும்மா. எப்ப?"

சுகிர்தா தன் முழங்காலையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"பிளஸ் ஒன் முழுப்பரிட்சைக்குப் படிக்கும்போதே வலிச்சுது டாக்டர்."

கோமதிக்குத் தூக்கிவாரிப் போட்டது. முழுப்பரீட்சை என்றால் பங்குனி. ஆடி எங்கே, பங்குனி எங்கே!

"நடக்கும்போது வலிக்குமா, படுத்திருக்கும்போதா?"

"படுத்தாத்தான் கூட. தூக்கத்துல எந்திரிச்சிருவேன். நடக்கும்போது மொதல்ல ஒண்ணும் தெரியாது. பெறகு பெறகு நடந்தாலும் வலிச்சுது."

"ஏன்ட்டி எங்கிட்ட சொல்லல?" கோமதியின் குரல் உடைந்தே வந்தது.

"சொன்னேனேம்மா. வளருத பிள்ளைக்கு வலிக்கத்தான் செய்யும், எண்ணெயத் தேச்சுக்கிட்டுப் படுன்னு சொன்ன." பிள்ளை குற்றம் சாட்டுகிற மாதிரிச் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். "பெறகு ஆடி வந்துது. சுத்துனா கால்வலிய அம்பாள் வாங்கிக்கிடுவான்னு நீதான சொல்லுவ. அதான் எல்லாரையும் விடக் கூடவே சுத்துனேன்."

முத்துக்கிருஷ்ணன் வேட்டி நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

அம்பாளைக் குறை சொல்ல இந்தக் கதைக்கு மனசில்லை. வலிக்கிற காலோடு ஒரு பிள்ளை வெயிலில் கோவிலைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறது. கூடவே நடந்த தாய் அதைப் பக்தி என்று நினைத்துப் பூரித்திருக்கிறாள். அதைத்தான் கோமதியால் தாங்க முடியவில்லை. இந்த ஆடியில் மகளுக்கு முன்னால் நடந்துகொண்டு, "ஏட்டி, பின்னால கெடந்து அசையாம வெரசா வா" என்று தான் அதட்டியது இப்போது ஞாபகம் வந்தது. எழுந்து போய் எங்காவது முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

டாக்டருக்கு அது புரிந்திருக்க வேண்டும்.

"அம்மா, இங்கன பாருங்க. இது நடந்ததால வரல. எண்ணெ தேச்சதால வரல. விழுந்ததாலயும் வரல. விழுந்ததால தெரிய வந்திருக்கு, அவ்வளவுதான். யாரும் யாரையும் நொந்துக்கிட வேண்டாம். ஆனா இனிமே அந்தக் கால யாரும் தடவக் கூடாது, கட்டுப் போடக் கூடாது."

எழுந்து எக்ஸ்ரே படத்தை மாட்டினார். முழங்காலுக்குச் சற்று மேலே, தொடை எலும்பு முடிகிற இடத்தைப் பேனாவால் காட்டினார்.

"எலும்போட ஓரம் கோடு போட்ட மாதிரிச் சுத்தமா இருக்கணும். இடது கால்ல பாருங்க, இருக்கு. இங்கன அந்தக் கோடு கலஞ்சு கெடக்கு. எலும்புக்கு வெளியேயும் புதுசா எலும்பு சிலுத்துக்கிட்டு நிக்குது. ஸ்கேன்லயும் அதே எடத்துலதான் சந்தேகம். ரத்தத்துல ஒரு அளவு கூடியிருக்கு. வளர்ற வயசுல, முழங்காலச் சுத்தித்தான் இது அதிகமா வரும்."

எது என்று அவர் சொல்லவில்லை. கோமதியும் கேட்கவில்லை. முத்துக்கிருஷ்ணன் கேட்கவே மாட்டார்.

"கேன்சரா டாக்டர்?" என்றாள் சுகிர்தா.

"ஏட்டி! வாய மூடு!" முத்துக்கிருஷ்ணன் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார்.

"உக்காருங்க அண்ணாச்சி. பிள்ளை கேட்டதுல தப்பில்ல." டாக்டர் சுகிர்தாவின் பக்கம் திரும்பினார். "இருக்குமோன்னு சந்தேகப்படுதேன். சந்தேகம் பலமாவே இருக்கு. ஆனா எலும்புல சீழ் புடிச்சாலும் இப்படித் தெரியலாம். டி.பி. வந்தாலும் தெரியலாம். ஊசி வழியா ஒரு துணுக்கு எடுத்து, மைக்ராஸ்கோப்ல பாத்தாத்தான் இன்னதுன்னு சொல்ல முடியும். பயாப்ஸிம்பாங்க. அதப் பாக்காம யார் என்ன சொன்னாலும் நம்பாத. நான் சொன்னாலும்தான்."

சுகிர்தா தலையை ஆட்டினாள்.

"அத இங்கனயே எடுத்துரலாமா சார்?" என்று கேட்டாள் கோமதி. தன் குரல் தனக்கே யாரோ பேசுகிற மாதிரி இருந்தது.

"கூடாது. ஊசி போற வழியும் இதுல முக்கியம்மா. பின்னால ஆபரேசன் பண்ணப் போற டாக்டர்தான் எந்த வழியா ஊசி போகணும்னு முடிவு பண்ணணும். ஆபரேசன் அப்போ அந்த வழியையும் சேத்து எடுத்துருவாங்க. கண்ட எடத்துல கீறிட்டா, காப்பாத்த வேண்டிய காலக் காப்பாத்த முடியாமப் போயிரும்." ஒரு காகிதத்தை எடுத்து எழுதினார். "நாளைக்கே கெளம்புங்க. அங்கன என் கூடப் படிச்சவர் இருக்காரு, பேசிட்டேன். நெஞ்சுக்கும் ஒரு ஸ்கேன் எடுப்பாங்க. இந்த மாதிரிக் கட்டி மொதல்ல நுரையீரலுக்குத்தான் போகும். அதையும் பாத்துக்கிட்டா நல்லது. அப்பா, அம்மா ரெண்டு பேர்ல யாராச்சும் ஒருத்தர் கையெழுத்துப் போட்டாப் போதும்."

"எங்க சார் போகணும்?"

"திருவனந்தபுரம்."

இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு அந்த ஊர்ப் பெயருக்கு இரண்டு அர்த்தம் கிடையாது; அங்கே இருக்கிற கேன்சர் ஆஸ்பத்திரிதான். ஒருவரைத் திருவனந்தபுரத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள் என்றால், அதற்கு மேல் யாரும் என்ன வியாதி என்று கேட்க மாட்டார்கள். இவ்வளவு நேரம் சந்தேகம், சீழ், டி.பி. என்று எதையாவது பிடித்துக்கொண்டு நின்ற கோமதிக்கு அந்தப் பெயரைக் கேட்டதும் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாமல் போனது. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டுக்குத் திரும்பியபோது சுந்தரராஜ் நடு வீட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மத்தியானச் சாப்பாடு மேஜையில் மூடி வைத்தபடி இருந்தது. சுகிர்தா உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

முத்துக்கிருஷ்ணன் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லும்போது கேன்சர் என்ற வார்த்தையை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. "அது", "அது" என்றே சொல்லி முடித்தார். சுந்தரராஜ் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். திறந்தபோது கண் சிவந்திருந்தது.

"நான் நெனச்சேன். ஊசியிலதான் வந்து நிக்கும்னு நெனச்சேன்." துண்டால் முகத்தைத் துடைத்தார். "ஏலே, நம்ம தெரு நூல்கடைக் கபீருக்கு என்ன ஆச்சுன்னு ஒனக்குத் தெரியாதா? தொடையில கட்டின்னு போனாரு. நடந்து போனவருலே. ஊசி போட்டு எடுத்தாங்க. அந்தக் கட்டி பொங்கிப் போயி, நெஞ்சு வரைக்கும் ஏறி, ஆள் போய்ச் சேந்துட்டாரு. குத்தாம விட்டிருந்தா இன்னைக்கும் நூல்கடையில உக்காந்திருப்பாரு."

"டாக்டரு அப்படி இல்லங்காரேண்ணே."

"டாக்டரு பிள்ளையா அது? நம்ம பிள்ளை." அவர் குரல் கரகரத்தது. "ராயகிரிப் பக்கம் ஒரு வைத்தியர் இருக்காராம். பச்சிலை வச்சுக் கட்டுனா கட்டி கரஞ்சிரும்ங்காங்க. நாளைக்கு விடியக் கார் சொல்லியாச்சு. கொஞ்ச நாள் கட்டிப் பாப்போம். கேக்கலன்னா அப்புறம் யோசிப்போம். பிள்ளை மேல கத்திய வைக்கதுக்கு இப்பம் என்ன அவசரம்?"

முத்துக்கிருஷ்ணன் மனைவியைப் பார்த்தார். "அண்ணன் சொல்லுததையும் யோசிக்கத்தான வேண்டியிருக்கு கோமதி."

அத்தான் என்று கோமதி கூப்பிடுகிற சுந்தரராஜ் முன்னால் நின்று எதிர்த்துப் பேசி அவளுக்குப் பழக்கமில்லை. அதுமட்டுமல்ல, உண்மையைச் சொன்னால் அவளுக்கும் அந்தப் பயம் இருந்தது. கபீரை அவளும் பார்த்திருக்கிறாள். நடந்து போனார், படுக்கையில் வந்தார். ஊரெல்லாம் சொல்வது பொய்யாகவா இருக்கும்? டாக்டர் சொல்வது புத்திக்குப் பட்டது. அத்தான் சொல்வதோ கண்ணெதிரே நடந்த மாதிரி இருந்தது. தாய் எதைத்தான் கேட்பது?

செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே இறங்கினாள்.

"எங்க போற?" என்றார் முத்துக்கிருஷ்ணன்.

"இந்தா வாரேன்."

கபீரின் மனைவி கதீஜம்மாள் வீடு அதே தெருவின் கோடியில். கபீர் போன பிறகு நூல்கடையை விட்டுவிட்டு, வீட்டிலேயே மிஷின் போட்டு நைட்டி தைக்கிறாள். வாசலில் நிழல் விழுந்ததும் நிமிர்ந்து பார்த்தாள்.

"வா கோமதி. பிள்ளைக்கு எப்படி இருக்கு?"

கோமதிக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெம்பில்லை. நின்ற வாக்கிலேயே கேட்டாள்.

"அக்கா, கேக்கேன்னு தப்பா நெனச்சுக்கிடாதீய. கபீர் அண்ணனுக்கு ஊசி போட்டதாலதான் பரவுச்சா?"

மிஷின் நின்றது. கதீஜம்மாள் தைத்துக்கொண்டிருந்த துணியை மடியில் வைத்து மெல்ல நீவிவிட்டாள்.

"யாரு சொன்னா?"

"ஊரே சொல்லுதே அக்கா."

"சொல்லும். எங்கிட்ட யாரு கேட்டா? அவுக மவுத்தாகி இவ்வளவு காலத்துல, வாசல் ஏறி வந்து என்ன நடந்ததுன்னு கேட்டது நீ ஒருத்திதான்." அவள் குரலில் கோபம் இருந்தது, கோமதி மேல் அல்ல. "கட்டி வந்தது ஒரு நோம்புக்கு. திருவனந்தபுரம் போனது அடுத்த நோம்பும் கழிஞ்சு. நடுவுல என்ன செஞ்சோம்? கட்டுக் கட்டுனோம். ஓதி ஊதுனோம். நீவி விட்டோம். அதுல வேற ரெண்டு நாள் வலி கொறஞ்சா, பாத்தியா சரியாகுதுன்னு சந்தோசப்பட்டோம்."

"ஊசி…"

"இரு, சொல்லுதேன். அங்கன போனதும் மொதல்ல நெஞ்சைத்தான் படம் எடுத்தாங்க. அப்பமே நெஞ்சுல எறங்கியிருந்துது. ஊசி போட்டது அதுக்குப் பெறகு கோமதி. அந்தப் படத்தைப் பாத்துட்டு டாக்டர் மலையாளத்துல ஒண்ணு சொன்னாரு. ‘நேரத்தே வந்நில்லல்லோ.’ எனக்கு மத்ததெல்லாம் வெளங்கல. அது மட்டும் வெளங்கிட்டு, நேரத்தோட வரலையேன்னு."

கோமதி அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டாள். கதீஜம்மாள் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பிள்ளைக்கா?" என்று கேட்டாள் கதீஜம்மாள்.

கோமதி தலையாட்டினாள்.

"எப்பம் போகச் சொல்லுதாக?"

"நாளைக்கே."

"அப்போ இங்கன உக்காந்து என்ன செய்யுத? எந்திரி. அல்லா காப்பாத்துவான், போ." சொல்லிவிட்டு அவளே கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டாள். அந்தக் கையின் அழுத்தம் வீடு வரும் வரை கோமதியின் கையில் இருந்தது.

விளக்கு வைக்கிற நேரம் ஆகியிருந்தது. அண்ணனும் தம்பியும் இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். கோமதி உள்ளே வந்ததும் நேரே சுந்தரராஜ் முன்னால் போய் நின்றாள்.

"அத்தான், கபீர் அண்ணன் ஊசி போட்டதால போகல. ஒரு வருசம் கடத்துனதால போனாரு. ஊசி போடுததுக்கு முன்னாலயே நெஞ்சுல எறங்கிட்டாம்."

சுந்தரராஜ் அவளை நிமிர்ந்து பார்த்தார். இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து அவள் அவரிடம் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான்.

"யாரு சொன்னா?"

"கதீஜம்மாக்கா."

"அவ பொம்பள. அவளுக்கு என்ன தெரியும்?"

"அவுகதான் கூட இருந்தாக அத்தான்." கோமதி அவரை நேராகப் பார்த்தாள். "நீங்க யாருகிட்ட கேட்டீய?"

சுந்தரராஜ் வாயைத் திறந்தார். டீக்கடையில் கேட்டேன் என்று சொல்ல முடியுமா? பஜாரில் பேசிக்கொண்டார்கள் என்று சொல்ல முடியுமா? யாரிடம் கேட்டோம் என்று அவருக்கே அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை. எல்லாரும் சொன்னார்கள், அவரும் சொன்னார்.

"நாளைக்கு நாங்க திருவனந்தபுரம் போறோம்" என்றாள் கோமதி. "கார் வேண்டாம்னு சொல்லிருங்க. அதே காரு அங்கன வருமுன்னா, வரச் சொல்லுங்க."

"எம் பேச்ச மீறியா?"

"எம் பிள்ளைக்கு என்னன்னு எனக்குத் தெரியணும் அத்தான்."

சுந்தரராஜ் எழுந்தார். துண்டைத் தோளில் போட்டார். என்னவோ சொல்ல வந்தவர், சுகிர்தா படுத்திருந்த அறைப் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் வெளியே நடந்தார். முத்துக்கிருஷ்ணன் மனைவியையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "அண்ணே, அண்ணே" என்று அவர் பின்னாலேயே ஓடினார்.

கோமதி பை எடுத்து வைத்தாள். சுகிர்தாவின் சுடிதார் இரண்டு, தனக்குச் சேலை, போர்வை, ஸ்கேன் படம். முத்துக்கிருஷ்ணனின் வேட்டியையும் எடுத்தாள். வைக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். கடைசியில் பைக்கு மேல் வைத்தாள்.

"அம்மா."

சுகிர்தா தூங்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். தலையணையை முழங்காலுக்கு அடியில் கொடுத்து மல்லாந்து படுத்திருந்தாள்.

"என்ன மக்கா?"

"கால எடுத்துருவாங்களாம்மா?"

கோமதிக்கு நாக்கு நுனியில் பதில் தயாராக இருந்தது. சீ, அதெல்லாம் ஒண்ணும் ஆகாது, அம்பாள் பாத்துக்கிடுவா, அம்மா இருக்கேன்லா. ஒவ்வொரு காய்ச்சலுக்கும் தலைவலிக்கும் அவள் இந்தப் பிள்ளையிடம் சொன்ன பதில்கள்தான். சொன்னால் பிள்ளை நம்பும். இதுவரை எல்லாவற்றையும் நம்பியிருக்கிறது.

கட்டிலில் வந்து உட்கார்ந்தாள்.

"தெரியல மக்கா."

சுகிர்தா அம்மாவின் முகத்தையே பார்த்தாள்.

"என்ன வியாதின்னு இன்னும் தெரியல. கால எடுப்பாங்களா, வச்சுக் காப்பாத்துவாங்களான்னும் எனக்குத் தெரியல. அங்கன போயிக் கேப்போம். நீயே கேளு, இன்னைக்குக் கேட்டேல்லா, அது மாதிரி. நான் பக்கத்துல இருக்கேன்."

எக்ஸ்ரே எடுத்த நாளிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத பிள்ளை அது. இப்போது எழுந்து உட்கார்ந்து, அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, சின்னக் குழந்தை மாதிரி விக்கி விக்கி அழுதது. கோமதி அழாதே என்று சொல்லவில்லை. அவளும் அழுதாள். மகளின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

அறை வாசலில் முத்துக்கிருஷ்ணன் வந்து நின்றது அவளுக்குக் கொஞ்சம் கழித்துத்தான் தெரிந்தது. எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ. காலையில் கட்டிய வெள்ளை வேட்டி கசங்கியிருந்தது. உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை.

கோமதி மகளை விடாமலே நிமிர்ந்து பார்த்தாள்.

"நாளைக்கு நீங்க வாரீயளா?"

முத்துக்கிருஷ்ணன் நிலையைப் பிடித்துக்கொண்டார். பார்வையைத் தாழ்த்தினார்.

"அண்ணன் இன்னும் ஒண்ணும் சொல்லலையே கோமதி."

"நான் அத்தானக் கேக்கல. இவளப் பெத்தவரக் கேக்கேன்."